விஞ்ஞானப் பாடநூலை வினவி வாசித்தல்: மலையகத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை அண்டியுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் விஞ்ஞானக் கல்வி பற்றிய உரையாடல்களில் ஆசிரியர் பற்றாக்குறையும் ஆய்வுகூட வசதியின்மையுமே முதலிடம் பெறுவது வழக்கம். இவ்விரண்டும் உண்மையான குறைகள்; க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட தமிழ்ப் பாடசாலைகள் இப்பகுதியில் மிகச் சிலவே இருப்பதற்கும் இவையே முதன்மைக் காரணங்கள். ஆயினும் இக்குறைகளின் நடுவே மாணவரின் கையில் தவறாமல் இருக்கும் ஒன்று பாடநூல். 1980ஆம் ஆண்டு முதல் அரசு அதை இலவசமாக வழங்கி வருகிறது. அந்நூல் எவ்வாறு வாசிக்கப்படுகிறது என்ற வினா மட்டும் அதிகம் எழுப்பப்படுவதில்லை. ஆசிரியர் போதாத இடத்தில் நூலே ஆசிரியரின் பணியில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருக்கிறது. வாசிப்பவர் வினவினால் மட்டுமே நூல் அப்பங்கை நிறைவேற்றும். அவ்வாறு வினவி வாசிக்கும் முறைகளை ஆராய்ந்து, தோட்டச் சூழலில் பிறந்து வளர்ந்த மாணவரிடம் ஏற்கனவே உள்ள அறிவு அவ்வாசிப்புக்கு எவ்வளவு தூரம் துணை செய்யும், எங்கே இடறச் செய்யும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடமாக்கும் மரபின் பின்னணி

1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டங்களில் ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. அதன் விளைவாக உருவான தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஒரே மண்டபத்தில், ஓரிரு ஆசிரியர்களுடன், எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் இடமாகவே நெடுங்காலம் இருந்தது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பொதுக் கல்வி முறைமைக்கு வெளியிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுக்க நாடாளுமன்றத்தில் ஆள்பலமும் இல்லாமற் போயிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, அதனையொட்டிப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தபின்னரே இடைநிலைக் கல்வி இங்கு வேரூன்றத் தொடங்கியது. சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவித் திட்டங்களும், அவற்றுள் ஒன்றின் பயனாகப் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களை உருவாக்கின.

இவ்வரலாறு வாசிப்புப் பழக்கத்திலும் தடம் பதித்திருக்கிறது. ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே கவனிக்க வேண்டிய நிலையில், கரும்பலகையில் குறிப்பு எழுதிப் போடுவதும், மாணவர் அதைக் கொப்பியில் பார்த்தெழுதி வீட்டில் பாடமாக்குவதுமே நடைமுறைக்கு ஏற்ற வழியாக இருந்தன. எழுத்தறிவு ஊட்டுவதற்கு ஓரளவு போதுமானதாயிருந்த இவ்வழி, காரணகாரியத் தொடர்புகளால் கட்டப்பட்ட விஞ்ஞானத்துக்கு வந்தபோது போதாமற் போனது. வரைவிலக்கணத்தைச் சொல் பிசகாமல் ஒப்புவிக்கும் மாணவர், அதே கருத்துப் புதியதொரு சூழலில் வினாவாக வரும்போது தடுமாறுவது இதனாலேயே.

செயலூக்க வாசிப்பு: ஆய்வுகள் சொல்வது

வாசிக்கும்போது நூலின் கருத்தை வெறுமனே பெற்றுக்கொள்ளாமல், முன்கூட்டி ஊகித்தும், வினா எழுப்பியும், தன் சொற்களில் விளக்கியும், நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துரைத்தும் செல்லும் முறை செயலூக்க வாசிப்பு எனப்படுகிறது. இதனை ஒழுங்கான படிமுறையாக வகுத்தவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ரொபின்சன். 1940களில் அவர் முன்வைத்த எஸ்.கியூ.3.ஆர். என்னும் முறை, பாடத்தை மேலோட்டமாகப் பார்த்தல், தலைப்புகளை வினாக்களாக மாற்றுதல், விடை தேடி வாசித்தல், பாராமல் ஒப்புவித்தல், மீட்டல் என்னும் ஐந்து படிகளைக் கொண்டது. அதன்பின் வந்த ஆய்வுகள் இப்படிகளுள் எவை உண்மையில் பயன் தருகின்றன என்பதைத் தனித்தனியே சோதித்தன.

அவற்றுள் இரண்டு விஞ்ஞான வாசிப்புக்கு நேரடியாகப் பொருந்துவன. 1994இல் மிஷலீன் சீயும் அவருடைய குழுவினரும் எட்டாம் வகுப்பு மாணவர் சிலரிடம் குருதிச் சுற்றோட்டம் பற்றிய பாடப்பகுதியைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்தபின் அது தமக்கு என்ன விளங்கச் செய்தது என்பதைத் தமக்குத் தாமே விளக்கும்படி கேட்டனர். மற்றொரு பிரிவினர் அதே பகுதியை இருமுறை வாசித்தனர். விளக்கிச் சென்றவர்கள் கடினமான வினாக்களில் கூடுதலாக முன்னேறினர்; அவர்களுள்ளும் அதிகமாக விளக்கியவர்கள் சுற்றோட்டத் தொகுதியின் சரியான முழு வடிவத்தை மனத்தில் கட்டியெழுப்பினர். இம்முறை சுயவிளக்கம் எனப்படும். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் நடத்திய மற்றொரு ஆய்வில், சூரியன், கடல் நீர்நாய் ஆகியவை பற்றிய பந்திகளைத் திரும்ப வாசித்தவர்களும், ஒருமுறை வாசித்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னின்றனர்; ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது அவர்கள் நினைவுகூர்ந்தது 42 சதவீதமாகவும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தது 56 சதவீதமாகவும் இருந்தன. திரும்பத் திரும்ப வாசிப்பது தரும் மனநிறைவு பரீட்சை நாள்வரை நீடிப்பதில்லை என்பதே இதன் பொருள். கற்றல் உத்திகள் பற்றிய ஆய்வுகளை 2013இல் தொகுத்து மதிப்பிட்ட ஜோன் டன்லொஸ்கியின் குழுவினரும், தன்னைத்தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுக் கற்பதையும் உயர்ந்த பயனுடையவையாகவும், அடிக்கோடிடுதலையும் மீள்வாசிப்பையும் குறைந்த பயனுடையவையாகவும் வகைப்படுத்தினர். மாணவர் மிக விரும்பிச் செய்யும் இரண்டும் கடைசி வரிசையில் நிற்பது கவனிக்கத்தக்கது.

ஒரு வாக்கியத்தை அவிழ்த்தல்

விஞ்ஞான உரைநடை, நிகழ்ச்சிகளைப் பெயர்ச்சொற்களாகச் சுருக்கிவிடும் இயல்புடையது. எடுத்துக்காட்டாக, சாதாரண தரப் பாடப்பரப்புக்குள் வரக்கூடிய, “சாரீரப்பதன் அதிகரிக்கும்போது ஆவியுயிர்ப்பு வீதம் குறைவடையும்” என்ற ஒரு வாக்கியத்தைக் கொள்ளலாம். ஐந்து சொற்களே கொண்ட இவ்வாக்கியத்தை மாணவர் எளிதில் பாடமாக்கிவிடலாம். ஆனால் இதற்குள் குறைந்தது நான்கு செய்திகள் மடிந்திருக்கின்றன. இலையின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இலைவாய்கள் வழியே வெளியேறுகிறது. வெளிவளியில் ஏற்கனவே ஓரளவு நீராவி இருக்கிறது. நீராவி செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுகிறது. வெளிவளியின் நீராவி கூடக்கூட இலையின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான செறிவு வேறுபாடு சுருங்குகிறது. இவற்றுள் மூன்றாவது செய்தியை வாக்கியம் சொல்லவே இல்லை. அதைப் பரவல் பற்றிய முந்திய அலகிலிருந்து மாணவரே கொண்டுவந்து இடைவெளியை நிரப்ப வேண்டும். எது எங்கிருந்து எங்கே செல்கிறது, ஏன் செல்கிறது, எது தடுக்கிறது என்று வாக்கியத்தை வினவும்போதே அவ்விடைவெளி கண்ணில் படும். சுயவிளக்கத்தின் பயன் இந்த இடத்தில் வெளிப்படுகிறது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதை வினவுவதற்கான பொருள் அருகிலேயே உண்டு. பறித்த கொழுந்து ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டுத் தட்டுகளில் பரப்பப்பட்டு, அடியிலிருந்து வரும் காற்றில் மணிக்கணக்காக வாடவிடப்படுகிறது. மழையும் மூடுபனியும் நிறைந்த நாட்களில் வளி ஈரமாக இருப்பதால் வாட்டம் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே சூடான காற்றைக் கலந்து செலுத்துவார்கள். காற்றைச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் குறையும் என்பதும், குறைந்தால் நீர் விரைவாக வெளியேறும் என்பதும் இங்கே ஒரு தொழில் நடைமுறையாகவே காணக் கிடைக்கின்றன. அதே வேளையில், பறித்த இலைக்கு வேரிலிருந்து நீர் வருவதில்லை என்பதால் வாட்டம் முழுமையான ஆவியுயிர்ப்பு ஆகாது. ஒப்புமை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று வரையறுப்பதும் செயலூக்க வாசிப்பின் ஒரு கூறே.

நிபந்தனையும் எண்ணும்

விஞ்ஞானப் பாடத்தில் ஒரு கூற்றை உண்மையாக்குவது பெரும்பாலும் அதனோடு வரும் நிபந்தனைத் தொடர். விரைந்து வாசிக்கும் கண் தவறவிடுவதும் அதையே. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்ற கூற்று, நியம வளிமண்டல அமுக்கத்தில் என்ற நிபந்தனையோடு சேர்ந்தே உண்மையாகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் நியம அளவின் ஐந்தில் நான்கு பங்கே இருப்பதால், அங்கு நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எனவேதான் பருப்பும் கிழங்கும் வேகக் கொழும்பை விட அதிக நேரம் எடுக்கிறது. நிபந்தனையைக் கவனித்து வாசித்த மாணவர் தன் வீட்டு அடுப்பை ஒரு சான்றாகக் காண்பார். கவனிக்காதவர் நூல் சொல்வது ஒன்று, வீட்டில் நடப்பது வேறொன்று என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வார், அல்லது வேறுபாட்டை உணராமலேயே கடந்துவிடுவார்.

எண்களை வாசிப்பதற்கும் இதே விழிப்பு வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்து தேவை என்பது தோட்டங்களில் பலரும் அறிந்த செய்தி. இது ஏன் என்று கேட்கும் மாணவர், 100 கிலோ கொழுந்தில் 78 கிலோ நீர் என்று கொண்டால் எஞ்சும் திண்மப் பொருள் 22 கிலோ என்றும், முடிவான தேயிலையில் 3 சதவீத நீர் தங்குமானால் அந்த 22 கிலோவே அதன் 97 சதவீதமாகும் என்றும், ஆகவே கிடைக்கும் தேயிலை ஏறத்தாழ 22.7 கிலோ என்றும் தாமே கணித்துக்கொள்ளலாம். சதவீதம் எதன் சதவீதம் என்று நின்று கேட்பதே இக்கணிப்பின் உயிர்நாடி. இரசாயனவியலின் செறிவுக் கணக்குகளில் மாணவர் இடறுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

வரைபுகளை முதலில் விட்டுவிட்டு உரையை மட்டும் வாசிப்பது மற்றொரு பொதுவான பழக்கம். நொதியத் தாக்கத்தின் வீதம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் வரைபில், வளைகோடு ஏறும் பகுதிக்கும் இறங்கும் பகுதிக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. ஏறும் பகுதியில் மூலக்கூறுகள் விரைவாக அசைந்து அதிகம் மோதிக்கொள்கின்றன. இறங்கும் பகுதியில் நொதியமாகிய புரதத்தின் வடிவமே சிதைந்து அது செயலிழக்கிறது. அச்சுகள் எவற்றைக் குறிக்கின்றன, கோடு எங்கே திரும்புகிறது, திரும்பும் இடத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்ற மூன்று வினாக்களை உரையை வாசிக்குமுன் வரைபிடம் கேட்ட மாணவர், அதன்பின் உரையைத் தம் ஊகத்துக்கான விடையாக வாசிப்பார்.

முன்னறிவு உதவுவதும் இடறுவதும்

கற்பவர் ஏற்கனவே அறிந்திருப்பதே அடுத்த கற்றலைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி என்பது கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1960களில் வற்புறுத்திய கருத்து. மலையக மாணவரின் முன்னறிவு பற்றிய பொது மதிப்பீடுகள் அவரிடம் இல்லாதவற்றையே பட்டியலிடுகின்றன. அவரிடம் இருப்பதை எண்ணிப் பார்த்தால், கவ்வாத்து வெட்டிய செடி பக்கக் கிளைகளை விட்டுத் தளிர்ப்பது, ஈரமான பருவத்தில் கொழுந்தில் கொப்புள நோய் பரவுவது, செங்குத்துச் சரிவில் மண் அரித்துச் செல்வது, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர் மின்சாரமாவது என்று தாவரவியல் முதல் பௌதிகவியல் வரை பரந்த ஓர் அனுபவத் தொகுதி தெரியவரும். அவ்வனுபவம் தானாகப் பாடமாகிவிடுவதில்லை. நூலில் உள்ள பொதுவிதி அதனோடு முடிச்சிடப்பட வேண்டும்.

அம்முடிச்சு தவறாகவும் விழலாம். தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய இலை பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகும் கட்டத்துக்கு வழங்கும் பெயர் நொதித்தல். பாடநூலில் நொதித்தல் என்பது மதுவம் போன்ற நுண்ணங்கிகள் ஒட்சிசனின்றி வெல்லத்தை உடைக்கும் செயல். தொழிற்சாலையில் நடப்பதோ நேர்மாறானது: இலையின் கலத்துக்குள் புன்வெற்றிடத்தில் ஒதுங்கியிருந்த பொலிபீனோல்கள், உருட்டும்போது கலம் சிதைவதால், வேறிடத்திலிருந்த பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியத்தோடு கலக்கின்றன, வளியிலுள்ள ஒட்சிசனின் துணையோடு அவை ஒட்சியேற்றமடைந்து, தேநீருக்கு நிறமும் துடிப்பும் தரும் தியாஃபிளேவின், தியாருபிஜின் ஆகிய சேர்வைகளாகின்றன. நுண்ணங்கிக்கு இதில் அடிப்படைப் பங்கில்லை. ஒட்சிசன் இன்றி இது நடவாது. பின்னர் உலர்த்தியில் 90 பாகைக்கு மேற்பட்ட சூடான காற்று நொதியத்தைச் செயலிழக்கச் செய்து தாக்கத்தை நிறுத்துகிறது. முன்னே கூறிய வரைபின் இறங்கும் பகுதி இங்கே ஓர் இயந்திரத்துக்குள் நிகழ்கிறது. பச்சைத் தேயிலைக்காக இலையை முதலிலேயே ஆவியில் அவிப்பதும் இதே காரணத்தால்தான். ஊரில் கேட்ட சொல்லும் நூலின் சொல்லும் ஒன்றே என்று கொண்ட மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். இரண்டையும் அருகருகே எழுதி, ஒட்சிசன் தேவையா, நுண்ணங்கி உண்டா, முடிவில் கிடைப்பது என்ன என்ற மூன்று தலைப்புகளில் ஒப்பிடுபவரோ, காற்றின்றிய சுவாசம், நொதியத் தாக்கம், ஒட்சியேற்றம் ஆகிய மூன்று கருத்துகளையும் ஒரே அமர்வில் தெளிவாகப் பிரித்தறிவார். அனுபவத்தை நூலோடு ஒப்பிடும்போது ஒற்றுமையைப் போலவே முரண்பாட்டையும் தேடுவது இதனால் இன்றியமையாததாகிறது.

இதனோடு ஒத்த ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு நூல்களையும் இணையக் காணொளிகளையும் துணைக்கொள்ளும் மாணவர், ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்றும், அமுக்கத்தை அழுத்தம் என்றும், ஆர்முடுகலை முடுக்கம் என்றும் கேட்க நேரும். கொப்பியின் பின்பக்கத்தில் இருநிரல் அட்டவணையொன்றைத் தாமே வளர்த்துச் செல்வது இதற்குப் போதுமான தீர்வு.

கூடிப் படித்தல்

செயலூக்க வாசிப்பு தனிமையில் மட்டும் நிகழ்வதன்று. 1984இல் ஆன்மரீ பலின்சரும் ஆன் பிரவுனும், வாசித்து விளங்கிக்கொள்வதில் பின்தங்கிய மாணவர்களிடையே சோதித்த பரிமாற்றக் கற்பித்தல் என்னும் முறையில், சிறு குழுவிலுள்ள மாணவர் மாறிமாறி ஆசிரியர் இடத்தை ஏற்று, வாசித்த பந்தியைச் சுருக்கிக் கூறி, அதிலிருந்து வினா எழுப்பி, விளங்காததைத் தெளிவுபடுத்தி, அடுத்து வருவதை ஊகிப்பர். மாணவரின் வாசித்து விளங்கும் திறன் இதனால் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. தமிழ் மரபுக்கு இக்கருத்துப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்து, கேட்டதைச் சிந்தித்தல், வினவுதல், வினாவுக்கு விடையிறுத்தல் ஆகியவற்றை மாணவரின் கடமைகளாக வகுக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்கு பெற்றாலும் புலமையில் கால்பங்கே கிட்டும் என்றும், உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்றும் அது பங்கிட்டுக் காட்டுகிறது. இப்பங்கீட்டை அளந்து பெற்ற கணக்காகக் கொள்ள இயலாது. ஆனால் எடுத்துரைத்தலுக்கு அது தரும் முதன்மை, சுயவிளக்கமும் நினைவுமீட்டலும் பற்றிய இக்கால ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது.

லயன் அறைகளின் இடநெருக்கடியில் தனித்துப் படிக்க வசதியற்ற மாணவருக்கு, ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் மாலையில் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கூடி, ஆளுக்கொரு பந்தியை ஏற்று மற்றவர்களுக்கு விளக்குவது செலவில்லாத வழி. கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும் பழக்கம் இங்கு ஏற்கனவே வலுவாக உள்ளது; விடைகளைப் பாடமாக்குவதற்குப் பதிலாக, ஒரு வினாவுக்கு ஏன் இந்த விடை பொருந்துகிறது, மற்றைய தெரிவுகள் ஏன் பொருந்தவில்லை என்று ஒருவருக்கொருவர் காரணம் கூறும்போது அதே வினாத்தாள் வாசிப்பின் கருவியாகிவிடும்.

எல்லைகள்

இம்முறைகளுக்கு வரம்புகள் உண்டு. முன்னறிவு மிகக் குறைவான வாசகர், தொடர்புகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நூலிலிருந்தே அதிகம் கற்கிறார் என்று டேனியல் மக்னமாராவும் உடனாய்வாளர்களும் 1996இல் காட்டினர். ஆகவே இடைவெளிகளை நிரப்பும் பொறுப்பு முழுவதையும் மாணவரின் மீது ஏற்றுவது நியாயமாகாது. ஆகையால், ஏனெனில், இதன் விளைவாக என்னும் இணைப்புகளைத் தாராளமாகப் பயன்படுத்துவதும், மலையகச் சூழலிலிருந்து எடுத்துக்காட்டுகளைச் சேர்ப்பதும் பாடநூல் எழுதுவோரின் கடமை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலேயே இயங்குகிறது. கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது முதல் அதன் கட்டுப்பாடு வரை, மண் முதல் நொதியம் வரை, அங்கு நடந்த ஆய்வுகளில் பள்ளி மாணவர் வாசிக்கத்தக்க விஞ்ஞானம் நிறைய உண்டு. அதை எளிய தமிழில் துணைவாசிப்பு நூல்களாக்குவது, மாணவரின் அனுபவத்துக்கும் பாடத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கும்.

மேலும், எந்த வாசிப்பும் பரிசோதனைக்கு ஈடாகாது. அமிலமும் காரமும் நடுநிலையாவதைக் கண்ணால் காணாத மாணவருக்கு அதை எழுத்து முழுமையாகத் தந்துவிடாது. வினவி வாசிக்கக் கற்பிப்பதற்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் விஞ்ஞானப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்ப் பாட ஆசிரியரும் ஒரு விஞ்ஞானப் பந்தியை எடுத்து, அதன் பெயர்ச்சொற்களை வாக்கியங்களாக அவிழ்க்கவும், நிபந்தனையைக் கண்டுபிடிக்கவும், நூலை மூடிவிட்டு எழுதிப் பார்க்கவும் மாணவரைப் பழக்கலாம். ஆசிரியர் நியமனங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்குமான கோரிக்கை இதனால் வலுவிழக்காது. வினவிப் பழகிய மாணவர் நிறைந்த வகுப்புக்கு வந்துசேரும் விஞ்ஞான ஆசிரியர், குறிப்பு எழுதிப்போடுவதில் செலவாகும் நேரத்தைப் பரிசோதனைக்கும் விவாதத்துக்கும் ஒதுக்கத் தொடங்கலாம்.